மண் அள்ளும் சிறு இயந்திரம்: வாங்குமுன் சிந்திப்பீர்!



தோப்பு வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட காலம் இது. எரு இறைக்கவும், விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவும், வீட்டு மனையில் மண் நிரப்பவும் நான்கு ஆள்களைத் தேடி நாள்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. இந்நிலையில், பல்லாண்டுக் காலம் சபுரில் இருந்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரரிடம் உற்றார் உறவினர் சொல்லும் யோசனைகளுள் இதுவும் ஒன்று: “ஒரு பாப்கேட் வாங்கிப் போட்டுவிடுங்கள். நம் வேலையும் முடியும். மற்ற நாள்களில் வாடகையும் வரும்.”

யோசனை தவறானதன்று. ஆயினும் அதற்கு வேண்டிய தொகை சிறியதன்று. புதிய இயந்திரம் பல இலட்சம் ரூபாய் விலை பெறும். வட்டிக் கடனை நாடாத குடும்பங்களில் அத்தொகை முழுவதும் ஒரு மனிதர் தம் இளமையை அயல்நாட்டில் செலவிட்டுச் சேர்த்த பணமாகவே இருக்கும். மகளின் கல்லூரிப் படிப்பு, முடியாமல் நிற்கும் மாடிக்கட்டு, உம்மாவின் மருத்துவம் என்று அப்பணத்துக்குக் காத்திருக்கும் தேவைகள் பல. ஆகவே, விற்பனையாளர் நீட்டும் வண்ணப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் நம் நிலத்தையும் வாசலையும் நாம் அளந்து பார்த்தாக வேண்டும். எந்த இயந்திரம் வேண்டும் என்பதை நிலமே சொல்லும். அதனைக் கேட்டறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பணியும்

மண் வேலை செய்யும் மஞ்சள் இயந்திரம் எதுவாயினும் அதனை ‘ஜேசிபி’ என்றே அழைப்பது நம் வழக்கம். உண்மையில் அவை, ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் 1945ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனத்துக்குரிய பெயரெழுத்துகள். அதுபோலவே ‘பாப்கேட்’ என்பதும் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயரே. அந்த வகை இயந்திரத்தின் பொதுப்பெயர் ‘ஸ்கிட் ஸ்டியர் லோடர்’ என்பதாகும். ஜேசிபி, கேஸ், கேட்டர்பில்லர் முதலிய நிறுவனங்களும் இவ்வகையைச் செய்து விற்றுள்ளன.

கார், லாரி ஆகியவற்றின் முன்சக்கரங்கள் திரும்பும், வண்டியும் திரும்பும். இதன் சக்கரங்களோ திரும்புவதே இல்லை. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒரு விசையிலும், வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் வேறொரு விசையிலும் ஓடுகின்றன. ஒரு பக்கம் முன்னோக்கியும் மறு பக்கம் பின்னோக்கியும் சுழன்றால் இயந்திரம் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். அப்போது டயர்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு வழுக்குகின்றன. பெயரிலுள்ள ‘ஸ்கிட்’ என்னும் சொல் அதனையே குறிக்கிறது. இயந்திரத்தின் வலிமையும் குறையும் இந்த ஒரு தன்மையில்தான் அடங்கியுள்ளன. குறுகிய இடத்தில் திரும்புவது வலிமை. திரும்பும்போதெல்லாம் டயரையும் தரையையும் தேய்ப்பது குறை.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிவிடுதல் நலம். இது அள்ளிச் சுமக்கும் இயந்திரம். ஆழமாகத் தோண்டும் இயந்திரம் அன்று. மேல்மண்ணை வழித்தல், குவியலை அள்ளுதல், சமன் செய்தல், எருவையும் ஜல்லியையும் இடம் மாற்றுதல் ஆகியவற்றில் இதற்கு இணை அரிது. தென்னங்கன்றுக்கு 3 அடி ஆழக் குழிகள், செப்டிக் டேங்க் பள்ளம், வாய்க்கால் தூர்வாருதல் ஆகியவையே உங்கள் முதன்மைத் தேவை என்றால், பின்புறம் தோண்டும் கை உடைய ஜேசிபியையோ சிறு எக்ஸ்கவேட்டரையோ அமர்த்துவதே பொருத்தமாகும். தோண்டுவதற்கான இணைப்புக் கருவிகளை லோடரிலும் பூட்டலாம். ஆனால் அவற்றுக்குத் தனி விலை உண்டு.

ஒரு பண்ணையின் தேவையில் பிறந்தது

இந்த இயந்திரம் தோன்றிய வரலாறே நமக்கு ஒரு பாடம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்னும் சிற்றூரில் சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள் பட்டறை நடத்தி வந்தனர். அப்பகுதியில் வான்கோழிப் பண்ணை வைத்திருந்த ஒருவர் தம் சங்கடத்தை அவர்களிடம் சொன்னார். அவருடைய கொட்டகை இரண்டு தளங்களை உடையது; உள்ளே வரிசையாகத் தூண்கள். எருவை வார டிராக்டரை மேல்தளத்தில் ஏற்றினால் தளம் தாங்காது. தூண்களுக்கிடையே அதனைத் திருப்பவும் இயலாது. மேல்தளம் தாங்கும் அளவுக்கு எடை குறைந்ததாகவும், தூண்களைச் சுற்றித் திரும்பக்கூடியதாகவும் ஓர் இயந்திரம் வேண்டும் என்றார் அவர்.

அந்த இரண்டு வரம்புகளுக்குள் அடங்குமாறு கெல்லர் சகோதரர்கள் மூன்று சக்கர இயந்திரம் ஒன்றைச் செய்து 1957ஆம் ஆண்டு அவரிடம் ஒப்படைத்தனர். 1958இல் வட டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த மெல்ரோ நிறுவனம் அதன் உரிமையைப் பெற்றது. 1960இல் நான்கு சக்கரங்களும் இயங்கும் வடிவம் வந்தது. 1962இல் ‘பாப்கேட்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. வட அமெரிக்கக் காட்டுப்பூனை ஒன்றின் பெயர் அது. 2023ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் அச்சகோதரர்களின் பெயர்கள் சேர்க்கப்பட்டன.

அந்தப் பண்ணையாளர் குதிரைத்திறனைப் பற்றிக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தளம் எவ்வளவு தாங்கும், தூண்களுக்கிடையே எவ்வளவு இடம் உண்டு என்பவற்றையே அவர் சொன்னார். நாமும் அவ்வாறே தொடங்குவோம்.

முதல் அளவு: வாசலும் வழியும்

நம் ஊர்களில் பழைய தெருக்களின் அகலம் யாவரும் அறிந்ததே. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் முடுக்குகளிலும் சந்துகளிலும் பெரிய ஜேசிபியைக் கொண்டுசெல்ல நினைக்கவே முடியாது. அதன் எடை 7 டன்னுக்கு மேல். அகலம் 2 மீட்டருக்கு மேல். இதற்கு மாறாக, பாப்கேட் எஸ்70 என்ற மிகச் சிறிய மாதிரியின் அகலம் சுமார் 3 அடி. உயரம் ஏறக்குறைய 6 அடி. எடை சுமார் 1,270 கிலோ. இடைத்தரமான லோடர்கள் ஐந்து, ஆறு அடி அகலமும் இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையவை.

டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். தெருவிலிருந்து வேலை நடக்கும் இடம் வரை வழியில் மிகக் குறுகலான இடம் எது என்று காணுங்கள். கேட்டின் அகலம், சன்ஷேடின் உயரம், தாழ்ந்து தொங்கும் மின்கம்பி ஆகிய அனைத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் அகலத்தைக் கேட்கும்போது பக்கெட்டின் அகலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் டயரைவிடப் பக்கெட்டே அகன்றிருக்கும். இருபுறமும் அரை அடியாவது இடம் மிஞ்ச வேண்டும்.

தரைக்குக் கீழே உள்ளவற்றை மறந்துவிடாதீர்கள். செப்டிக் டேங்கின் மூடி, தண்ணீர்த் தொட்டியின் மேல்தளம், பழைய உறைகிணற்றின் விளிம்பு ஆகியவை மனிதர் நடப்பதற்காகப் போடப்பட்டவை. சுமையை ஏற்றியதும் இயந்திரத்தின் எடையில் பெரும்பகுதி முன்சக்கரங்களுக்கு மாறிவிடும். ஒரு சிறிய பலகையின் மீது ஒன்றரை டன் வந்து நிற்கும். அத்தகைய இடங்களைச் சுற்றிக் கயிறு கட்டி அடையாளமிடுங்கள். சுற்றிச் செல்ல வழி இல்லையென்றால், அந்த மனைக்கு இந்த இயந்திரம் ஏற்றதன்று.

இரண்டாம் அளவு: சுமை

விளம்பரங்கள் குதிரைத்திறனை முன்னிறுத்தும். நீங்கள் கேட்க வேண்டியது ‘அனுமதிக்கப்பட்ட இயக்கச் சுமை’ எத்தனை கிலோ என்பதாகும். சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்; அதற்குக் கவிழ்சுமை என்று பெயர். டயர் வண்டிக்கு அதில் 50 விழுக்காடும், ரப்பர்ச் சங்கிலித் தடத்தில் ஓடும் வண்டிக்கு 35 விழுக்காடும் அனுமதிக்கப்பட்ட சுமையாகக் கொள்ளப்படுகின்றன. ஆயினும் தட வண்டிக்குச் சிலர் 50 விழுக்காட்டுக் கணக்கையும் அச்சிடுவதுண்டு. இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே கணக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

நமக்குப் பழக்கமான ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஏறத்தாழ 2.83 கன மீட்டர். உலர்ந்த மணல் கன மீட்டருக்கு 1.6 டன் எனக் கொண்டால் ஒரு யூனிட்டின் எடை 4.5 டன். ஆள் ஒருவர் சட்டிக்கு 25 கிலோ வீதம் சுமந்தால் 180 நடை. 340 கிலோ அனுமதி உள்ள சிறிய லோடருக்கு 14 நடை. 600 கிலோ அனுமதி உள்ளதற்கு 8 நடை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு யூனிட் மட்டுமே நகர்த்தும் வீட்டுக்குச் சிறியதே போதும். செங்கல் சூளை, மரவாடி, பெரிய கோழிப்பண்ணை போன்றவை வேறு. அங்கே நடைகளின் எண்ணிக்கையே இலாபத்தை முடிவு செய்யும்.

பக்கெட் நிறைவதைக் கொண்டு சுமையை மதிப்பிடுதல் ஆபத்தானது. உலர்ந்த எரு நிறைந்த பக்கெட் எளிதில் எழும். அதே பக்கெட்டில் நனைந்த மணலை வழிய வழிய நிரப்பினால் பின்பகுதி தூக்கிக்கொள்ளும். பக்கெட்டைக் கழற்றிவிட்டு ஃபோர்க் மாட்டும்போது சுமை இன்னும் முன்னே தள்ளிப் போவதால் தாங்கும் எடையும் குறையும்.

மூன்றாம் அளவு: உயரம்

அள்ளியதை எதில் கொட்டப் போகிறீர்கள்? டிராக்டர் டிரெய்லரிலா, டிப்பர் லாரியிலா? அதன் பக்கப்பலகையின் உச்சி தரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்துகொள்ளுங்கள். விலைப்பட்டியலில் காணும் உயரம் பெரும்பாலும் பக்கெட் பூட்டப்பட்டிருக்கும் பின்னின் உயரமாகும். கொட்டுவதற்காகப் பக்கெட்டைக் கவிழ்க்கும்போது அதன் உதடு பின்னைவிட மிகவும் தாழ்ந்துவிடும். ஆதலால் ‘கொட்டும் உயரம்’ எவ்வளவு என்று தனியே கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வாங்கினால், லாரிக்கு மண் ஏற்றுவதற்காகத் தரையில் மேடு போட்டு அதன்மேல் இயந்திரத்தை ஏற்ற வேண்டியிருக்கும். அது நேர விரயம், ஆபத்தும்கூட.

தூக்கும் கைகள் இருவகைப்படும். ஒருவகை வில்போல் வளைந்து எழும். மண்ணை வழிக்கவும் சமன் செய்யவும் அது ஏற்றது. மூட்டுகள் குறைவாதலால் பராமரிப்பும் எளிது. மற்றொரு வகை ஏறக்குறைய நேராக எழும். உயரத்திலும் சுமையை வண்டிக்கு அருகிலேயே வைத்திருக்கும். லாரியில் ஏற்றும் வேலை மிகுதியாக உள்ளவருக்கு அது ஏற்றது. வீட்டுத் தோப்புக்கு முதல்வகை பெரும்பாலும் போதுமானது.

நான்காம் அளவு: மண்

தென்னைக்கு 25 அடி இடைவெளி விடுவது பரிந்துரைக்கப்பட்ட முறை. அந்த இடைவெளியில் எந்தச் சிறு லோடரும் தாராளமாக ஓடும். இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. தென்னையின் வேர்கள் மரத்தைச் சுற்றி மேல்மண்ணில் பரவி நிற்பவை. நின்ற இடத்திலேயே சுழலும் டயர், அந்த மேல்மண்ணைக் கலப்பைபோல் கிழித்துவிடும். ஈரம் காயாத நாளில் ஓட்டினால் மண் இறுகிக் கெட்டிப்படும். பின்னர் நீர் உள்ளே இறங்காது. மரத்திலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி ஓட்டுதல், தோப்புக்குள் அகன்ற வட்டமாகத் திரும்புதல், மழைக்குப்பின் மண் உலரும்வரை பொறுத்தல் ஆகிய மூன்றையும் ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

களிமண்ணும் சதுப்பும் உள்ள நிலத்துக்குச் சங்கிலித் தட வண்டி நல்லது. எடையைப் பரப்பி வைப்பதால் அது புதையாது. ஆனால் விலை கூடுதல். சிமெண்டுத் தளத்திலும் தார்ச்சாலையிலும் அதன் ரப்பர் விரைவில் தேயும். கடற்கரையோர மணற்பாங்கான ஊர்களில் அகலமான டயர் போதுமானது. கருவேல முள் நிறைந்த நிலமாயின் காற்றடைத்த டயர் அடிக்கடி பஞ்சராகும். உள்ளே ஃபோம் நிரப்பிய டயரோ திண்ம டயரோ தேவைப்படும்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் தோப்புகளை வீழ்த்தியது. பல நூறு கிலோ எடையுள்ள மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த அந்த நாள்களில், இயந்திரம் சொந்தமாக இருந்திருந்தால் என்று ஏங்காதவர் அரிது. அந்த ஏக்கம் நியாயமானதே. எனினும், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரும் வேலைக்காக ஒரு பொருளை வாங்குதல் கணக்குக்கு ஒவ்வாது.

கணக்குக்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் விலை 20 இலட்சம். எட்டு ஆண்டுகளுக்குப்பின் 8 இலட்சத்துக்கு விற்கலாம். அப்படியானால் ஆண்டுக்குத் தேய்மானம் ஒன்றரை இலட்சம். காப்பீடு, சர்வீஸ், டயர் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 50,000. ஆக, இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 2 இலட்சம் செலவு. ஓடும்போது டீசலுக்கும் ஆபரேட்டருக்கும் மணிக்கு 400 ரூபாய். ஆபரேட்டர், டீசலுடன் வெளி வாடகை மணிக்கு 1,000 என்றால், சொந்த வண்டியால் மணிக்கு 600 ரூபாய் மிச்சம். 2 இலட்சத்தை 600ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 333 மணி நேரம் வருகிறது. எட்டு மணி நேர வேலையாக ஏறத்தாழ 42 நாள்கள். அதற்குக் குறைவாக ஓட்டினால் வாடகையே மலிவு. உங்கள் ஊரின் உண்மையான விலையையும் வாடகையையும் இட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கர் தோப்பு மட்டும் உள்ள குடும்பத்துக்கு ஆண்டில் 42 நாள் வேலை கிடைப்பது அரிது.

“மிச்ச நாளில் வாடகைக்கு விடலாமே” என்பீர்கள். விடலாம். ஆனால் அது தோப்பு வேலையன்று, தனித்தொழில். நம்பிக்கையான ஆபரேட்டர், நாள்தோறும் மேற்பார்வை, வரவேண்டிய பாக்கியைத் துரத்தும் பொறுமை ஆகிய அனைத்தும் அதற்கு வேண்டும். ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, வீட்டுத் தாய்மார்களின் தலையில் இச்சுமையை ஏற்றுமுன் அவர்களையும் கலந்து பேசுதல் கடமை.

அடுத்தடுத்துத் தோப்பு வைத்திருக்கும் மூன்று நான்கு குடும்பங்கள் பங்கு சேர்ந்து வாங்குவது ஒரு நல்ல வழி. ஆனால் டீசல் யார் பொறுப்பு, பழுதுச் செலவை எவ்விதம் பிரிப்பது, மழைக்குப்பின் முதல்முறை யாருக்கு, பங்காளி ஒருவர் விலகினாலோ இறந்தாலோ என்ன செய்வது என்பவற்றைத் தாளில் எழுதிச் சாட்சிகளுடன் கையொப்பமிட்டுக்கொள்ள வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு திருமறை அறிவுறுத்துவதை நாம் அறிவோம். உறவினர்தானே என்று எழுதாமல் விட்ட கணக்கே பின்னாளில் உறவை முறிக்கிறது.

பழையதை வாங்குவோர் கவனத்துக்கு

பழைய இயந்திரத்தைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட் ஆகும் சிரமத்தை மறைக்கிறார்கள் என்று ஐயுறலாம். மீட்டரில் குறைந்த மணி காட்டியும் மிதியும் இருக்கையும் மிகத் தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். பக்கெட்டைத் தரையில் ஊன்றி அழுத்தச் சொல்லி, பின்களில் ஆட்டம் உண்டா என்று பாருங்கள். பக்கெட்டை ஓரடி உயர்த்திச் சில நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். தானாக இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு உண்டு. சக்கரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் சங்கிலிப் பெட்டியில் எண்ணெய் ஒழுகுகிறதா, ஓஸ்கள் வெடித்திருக்கின்றனவா என்று மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று பார்க்கச் செய்யுங்கள். பதிவு, காப்பீடு பற்றிய தாள்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சரிபார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.

உயிர் காக்கும் விதிகள்

வாசகர்களே, இதுவரை சொன்னவை பணத்தைக் காப்பதற்கு. இனிச் சொல்வது உயிரைக் காப்பதற்கு. சொந்த வண்டியாயினும் ஒரு நாள் வாடகை வண்டியாயினும் இப்பகுதி பொருந்தும்.

இந்த இயந்திரத்தில் ஓட்டுநர், தூக்கும் கைகள் இரண்டுக்கும் நடுவே அமர்ந்திருக்கிறார். முன்பக்கமாகவே ஏறி இறங்குகிறார். கைகள் உயர்ந்திருக்கும்போது அவர் வெளியே தலை நீட்டினாலோ இறங்க முயன்றாலோ, கை பட்டு நெம்புகோல் அசைந்தால் கைகள் சட்டெனத் தாழும். இடையில் அகப்பட்டவர் நசுங்குவார். அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998ஆம் ஆண்டிலேயே இத்தகைய சாவுகளைப் பற்றித் தனி எச்சரிக்கை வெளியிட்டது. இதனைத் தடுப்பதற்காகவே இருக்கைப் பட்டையும் மடிமேல் இறங்கும் தடுப்புக் கம்பியும் பொருத்தப்பட்டுள்ளன. ஓட்டுநர் அமர்ந்து கம்பியை இறக்கினால்தான் ஹைட்ராலிக் இயங்கும். “தொல்லையாக இருக்கிறது” என்று அந்தப் பூட்டைக் கழற்றி விட்டிருக்கும் வண்டிகளும் உண்டு. அத்தகைய வண்டியை உங்கள் மனைக்குள் விடாதீர்கள். வேலைக்கு வந்தவர் ஏழை என்பதற்காக அவருடைய உயிர் மலிவாகிவிடாது.

உயர்த்திய கைகளின் கீழ் எவரும் நுழையக் கூடாது. பழுது பார்ப்பதற்காக நுழைந்தே ஆக வேண்டுமெனில், இயந்திரத்துடன் வரும் தாங்குகட்டையைப் பூட்டிய பின்னரே நுழைய வேண்டும்.

சுமையைத் தரையை ஒட்டித் தாழ்வாகவே கொண்டுசெல்ல வேண்டும். வரப்பிலோ கரையிலோ ஏறும்போது எடை மிகுந்த பக்கம் மேட்டை நோக்கி இருக்க வேண்டும். சுமையோடு ஏறினால் முன்னோக்கி; வெறும் வண்டியில் எஞ்சின் உள்ள பின்பக்கமே கனமாதலால் பின்னோக்கி. சரிவில் குறுக்கே ஓட்டவோ திரும்பவோ கூடாது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். இயந்திரம் வந்தால் தெருப்பிள்ளைகள் யாவரும் கூடிவிடுவர். ஓட்டுநருக்குப் பின்புறம் சரிவரத் தெரியாது; வண்டி சுழலும்போது அதன் பின்பகுதி எவரையும் அடித்துத் தள்ளும். வேலை முடியும்வரை பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருப்பதும், பெரியவர் ஒருவர் வாசலில் நின்று காவல் செய்வதும் இன்றியமையாதவை. பேரனை மடியில் வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டும்படி எவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஓர் இருக்கை, ஒரு மனிதர் என்பதே விதி. இடைவேளையில் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டே ஓட்டுநர் தேநீருக்குச் செல்ல வேண்டும்.

முடிவாக

ஒரு தாளில் ஐந்து வரிகள் எழுதிக்கொள்ளுங்கள்: வழியின் மிகக் குறுகிய அகலம், ஒரு நாளில் நகர்த்த வேண்டிய யூனிட், கொட்ட வேண்டிய உயரம், மண்ணின் தன்மை, ஆண்டில் உண்மையாகத் தேவைப்படும் மணி நேரம். அத்தாளுடன் முதலில் ஒரு நாள் வாடகைக்கு இயந்திரத்தை அமர்த்தி, உங்கள் நிலத்திலேயே ஓட விட்டுப் பாருங்கள். எங்கே இடித்தது, எங்கே புதைந்தது, எத்தனை மணியில் முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பின்னும் வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், விற்பனையாளரிடம் செல்லுங்கள். அப்போது அவர் சொல்வதை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. உங்கள் தாளிலுள்ள ஐந்து வரிகளுக்கு அவர் பதில் சொல்லட்டும்.